காவிரிக் கரையின் பழமர இலைகளும் புற்றுநோய்ச் செல்களும்

திருச்சிராப்பள்ளியிலிருந்து கரூர் செல்லும் சாலையில், காவிரியின் தென்கரையை ஒட்டி முக்கொம்புக்கு அருகில் அமைந்துள்ள ஜீயபுரமும் அதன் சுற்றுப்புற ஊர்களும் வாழைக்குப் பெயர் பெற்றவை. பூவனும் கற்பூரவல்லியும் ஏலக்கியும் விளையும் இந்த வண்டல் நிலத்தின் சிறப்பைக் கருதியே தேசிய வாழை ஆராய்ச்சி மையமும் 1993ஆம் ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் நிறுவப்பட்டது. தாவரவியலின்படி வாழை மரமன்று, கட்டைத்தண்டு இல்லாத மிகப் பெரிய பூண்டு என்பதால், இந்த அத்தியாயம் அதை விட்டுவிட்டு வாழைத் தோட்டத்து வரப்புகளிலும் வீட்டுக் கொல்லைகளிலும் கோயில் நந்தவனங்களிலும் நிற்கும் உண்மையான பழமரங்களை எடுத்துக்கொள்கிறது. மா, கொய்யா, சீத்தா, நாவல், வில்வம், இலந்தை ஆகிய இம்மரங்கள் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட திருவரங்கத் தீவிலும், வெண்ணாவலைத் தலமரமாகக் கொண்ட திருவானைக்காவிலும், தென்கரை ஊர்களிலும் நெடுங்காலமாக வளர்ந்து வருகின்றன. இவற்றின் பழங்களைப் பற்றி எழுதப்பட்டது மிகுதி. ஆனால் வேதியியல் நோக்கில் பார்த்தால் பழத்தைவிட இலைதான் பொருள் நிறைந்தது.

அதற்குக் காரணம் உண்டு. விதையைப் பரப்ப விலங்குகளும் பறவைகளும் தேவைப்படுவதால், பழுத்த பழத்தை மரம் இனிப்பாக்கி அவற்றை அழைக்கிறது. இலையோ மரத்தின் உணவுக் கூடமாக இருப்பதால் அதைப் புழுவும் பூச்சியும் பூஞ்சையும் அழித்துவிடாமல் காக்க வேண்டியிருக்கிறது. இடம்பெயர இயலாத உயிரான தாவரம், தன்னைத் தின்ன வருவனவற்றின் உடலுக்குள் புகுந்து அவற்றின் செல்களின் இயக்கத்தைக் கெடுக்கும் வேதிப்பொருள்களை உருவாக்கிக்கொள்கிறது. வளர்ச்சிக்கும் மூச்சுக்கும் நேரடியாகத் தேவைப்படாமல் பெரும்பாலும் தற்காப்புக்காக உருவாகும் இப்பொருள்களை இரண்டாம்நிலை வளர்சிதைப் பொருள்கள் என்பர். கசப்பும் துவர்ப்பும் காரமும் நறுமணமும் பெரும்பாலும் இவற்றின் குணங்களே. பூச்சியின் செல்லை முடக்கும் ஒரு மூலக்கூறு, கட்டுப்பாடின்றிப் பெருகும் மனிதப் புற்றுநோய்ச் செல்லையும் முடக்கக்கூடும் என்ற எதிர்பார்ப்பில்தான் இலைகளைப் பற்றிய புற்றுநோய் ஆராய்ச்சி தொடங்குகிறது. அதே மூலக்கூறு நலமான மனிதச் செல்லையும் முடக்கக்கூடும் என்பதையும் அந்த எதிர்பார்ப்போடு சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும்.

திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக் கல்லூரிகளின் தாவரவியல், உயிர்வேதியியல், உயிர்த்தொழில்நுட்பத் துறைகளில் இத்தகைய ஆய்வு பல ஆண்டுகளாக நடைபெற்று வருகிறது. அதன் வழிமுறை ஏறத்தாழ எல்லா இடங்களிலும் ஒன்றுதான். பறித்த இலையின் அடையாளம் முதலில் உறுதி செய்யப்படுகிறது. இந்நகரில் அதற்குப் பெரிதும் துணை நிற்பது, தமிழகச் சமவெளித் தாவரங்களைப் பற்றிய பெருநூலை எழுதிய அருள்தந்தை கே. எம். மேத்யூ 1967இல் தூய வளனார் கல்லூரியில் நிறுவிய ராபினெட் உலர்தாவரகம். பின்னர் இலை கழுவப்பட்டு, நிழலில் உலர்த்தப்பட்டு, பொடியாக்கப்பட்டு, சாக்ஸ்லெட் என்னும் கண்ணாடிக் கருவியில் இடப்படுகிறது. ஹெக்சேன், எத்தில் அசிட்டேட், மெத்தனால் போன்ற கரைப்பான்கள் கொதித்து ஆவியாகிக் குளிர்ந்து மீண்டும் மீண்டும் பொடியின் மீது சொட்டி, அதிலுள்ள பொருள்களைத் தம்முள் இழுத்துக்கொள்கின்றன. கரைப்பானை ஆவியாக்கிய பின் எஞ்சும் கரும்பச்சைப் பிசினே கச்சாச் சாறு எனப்படுவது. அதில் ஒன்றல்ல, நூற்றுக்கணக்கான சேர்மங்கள் கலந்திருக்கும்.

இந்தச் சாற்றைச் சோதிப்பதற்கான புற்றுநோய்ச் செல்கள் இந்தியாவில் பெரும்பாலும் புனேயிலுள்ள தேசியச் செல் அறிவியல் மையத்திலிருந்து பெறப்படுகின்றன. அவற்றுள் மிகப் பழையதும் புகழ்பெற்றதும் ஹீலா என்னும் வகை. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் கருப்பைவாய்ப் புற்றுநோயால் 1951இல் இறந்த ஹென்ரியேட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கட்டியிலிருந்து, அவரது ஒப்புதல் கேட்கப்படாமலேயே எடுக்கப்பட்டு, இன்றுவரை உலகெங்கும் ஆய்வுக்கூடங்களில் பெருகிக்கொண்டிருப்பது. சிறு குழிகள் கொண்ட பிளாஸ்டிக் தட்டில் இச்செல்களை வளர்த்து, வெவ்வேறு அளவில் இலைச் சாற்றைச் சேர்த்து, ஒன்றிரண்டு நாள் கழித்து எம்டிடி என்னும் மஞ்சள் நிறச் சாயத்தை இடுவர். உயிருள்ள செல்கள் அதை ஊதா நிறமாக மாற்றும், இறந்தவை மாற்றா. 1983இல் டிம் மோஸ்மன் வெளியிட்ட இந்த முறை மலிவானது, விரைவானது. ஊதா நிறத்தின் அடர்த்தியை அளந்தால் எத்தனை விழுக்காடு செல்கள் பிழைத்தன என்பது தெரிந்துவிடும். செல்களின் வளர்ச்சியைப் பாதியாகக் குறைக்கத் தேவையான செறிவைப் பாதித்தடைச் செறிவு என்பர். அந்த எண் சிறிதாக இருந்தால் சாற்றின் வீரியம் பெரிது.

ஆய்வுலகில் பரவலாகப் பின்பற்றப்படும் அளவுகோலின்படி, ஒரு மில்லிலிட்டரில் 30 மைக்ரோகிராமுக்குள் பாதித்தடையைக் காட்டும் கச்சாச் சாறும், 4 மைக்ரோகிராமுக்குள் காட்டும் தூய சேர்மமும் மேற்கொண்டு ஆராயத் தக்கவை. ஆனால் வெளியாகும் இலை ஆய்வுகளில் கணிசமானவை நூறு, இருநூறு மைக்ரோகிராம் அளவுகளை எட்டிய பிறகே விளைவைக் காட்டுகின்றன. ஆயினும் அவற்றின் முடிவுரையில் புற்றுநோய்க்கு எதிரான ஆற்றல் உறுதியானது என்று எழுதப்படுகிறது. இதைவிட நுட்பமான சிக்கல் ஒன்றும் உள்ளது. கொய்யா இலையிலும் வேறு பல இலைகளிலும் உள்ள குவெர்செட்டின் போன்ற பாலிபீனால்கள், எதிரே கிடைத்த பொருளுக்கு எலக்ட்ரான்களை வழங்கும் இயல்பின. ஆகவே அவை செல்களின் உதவியின்றித் தாமாகவே எம்டிடி சாயத்தை ஊதாவாக்கிவிடக்கூடும். செல்களே இல்லாத குழியிலும் சாற்றை இட்டுப் பார்க்காத ஆய்வு, உயிரோடிருப்பது எது, இறந்தது எது என்பதையே தவறாக எண்ணிவிடும்.

சாற்றில் உள்ள நஞ்சு செல்லைக் கொல்லும் விதமும் முக்கியமானது. கொதிநீரும் சாராயமும் செல்லைக் கொல்லும், அது மருத்துவமாகாது. ஆய்வாளர் தேடுவது அப்போப்டோசிஸ் என்னும் தன்னழிவு. ஒரு செல்லின் மரபுப்பொருள் சீர்செய்ய முடியாத அளவுக்குச் சிதைந்துவிட்டால், அந்தச் செல் காஸ்பேஸ் எனப்படும் நொதிகளைக் கொண்டு தன்னைத்தானே ஒழுங்காகப் பிரித்து முடித்துக்கொள்ளும் ஏற்பாடு உடலில் இயல்பாகவே உண்டு. புற்றுநோய்ச் செல் அந்த ஏற்பாட்டை முடக்கிவிட்டுப் பெருகுகிறது. அதை மீண்டும் இயக்கும் சேர்மமே மதிப்புடையது. இந்த வகையில் நம் ஊர் மரமொன்று உலக ஆய்விதழில் இடம்பெற்ற நிகழ்வும் உண்டு. 1995இல் நேச்சர் மெடிசின் இதழில், இலந்தை மரப்பட்டையிலிருந்து பிரித்த பெட்டுலினிக் அமிலம், மெலனோமா என்னும் தோல் புற்றுநோயின் செல்களைத் தன்னழிவுக்குத் தூண்டுகிறது என்பதை இல்லினாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தெரிவித்தனர். அந்தச் சேர்மம் எலிகளின் கட்டியையும் சுருக்கியது. எனினும் நீரில் கரைய மறுக்கும் அதன் இயல்பு, அதை இரத்தத்தின் வழியே உடலெங்கும் கொண்டுசெல்ல விடாமல் இன்றளவும் தடையாக நிற்கிறது.

இப்போது தமிழ்நாட்டில் மிகுதியாகப் பேசப்படும் இலைக்கு வரலாம். சீத்தாவின் உறவான முள்சீத்தா, சில ஆண்டுகளாகக் கொல்லைகளில் விரும்பி நடப்படுவதும், அதன் உலர்ந்த இலை பொட்டலமாக விற்கப்படுவதும் யாவரும் அறிந்தவை. கீமோதெரபி மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வலிமையானது என்ற வாசகமும் அதனோடு சேர்ந்தே பயணிக்கிறது. இந்த எண் முழுக்கக் கற்பனையன்று என்பதுதான் அதன் ஆபத்து. அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி மெக்லாஃப்லின் குழுவினர் 1996இல் முள்சீத்தாவிலிருந்து சிஸ்-அன்னோனாசின் உள்ளிட்ட புதிய சேர்மங்களைப் பிரித்தனர். அவற்றுள் சிஸ்-அன்னோனாசின் குடல் புற்றுநோய்ச் செல்வகை ஒன்றின் மீது அட்ரியமைசின் என்ற மருந்தைவிடப் பத்தாயிரம் மடங்கு வீரியம் காட்டியதாக எழுதினர். அந்தச் சேர்மம் பிரிக்கப்பட்டது இலையிலிருந்தன்று, விதையிலிருந்து. அந்த வீரியம் காணப்பட்டது ஒரே வகைச் செல்லின் மீது, ஆய்வுக்கூடத் தட்டில். அளிக்கப்பட்டது கஷாயமாகவன்று, தூய்மையாக்கிய வடிவில். இம்மூன்று விவரங்களும் பயணத்தில் உதிர்ந்துபோய், எண் மட்டும் எஞ்சிவிட்டது.

அன்னோனாசின் போன்றவற்றை அசிட்டோஜெனின்கள் என்பர். நீண்ட கொழுப்பமிலச் சங்கிலியில் சிறு வளையங்கள் கோத்த வடிவம் அவற்றுக்கு. 1982இல் முதன்முதலாக அறியப்பட்ட இச்சேர்மங்கள் சீத்தாக் குடும்பத்துக்கே உரியவை. செல்லின் ஆற்றல் உற்பத்தி உறுப்பான மைட்டோகாண்ட்ரியாவில், உணவிலிருந்து பெற்ற எலக்ட்ரான்களை ஏற்றுக்கொள்ளும் முதல் புரதத் தொகுதியை இவை அடைத்துவிடுகின்றன. அதனால் செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி குறைந்து செல் மடிகிறது. வேகமாகப் பெருகும் புற்றுநோய்ச் செல்லுக்கு ஆற்றல் மிகுதியாகத் தேவைப்படுவதால் அது முன்னே மடியும் என்பது கருதுகோள். சீத்தா விதைப் பொடியைத் தலைப்பேனுக்குப் பூசும் பழைய வழக்கத்தின் வேதியியலும் இதுவே. அந்தப் பொடி கண்ணில் பட்டால் கருவிழி புண்ணாகிப் பார்வை பாதிக்கும் என்பதைக் கண் மருத்துவர்கள் பதிவு செய்துள்ளனர். பேனின் செல்லையும் மனிதக் கண்ணின் செல்லையும் இச்சேர்மம் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

ஆற்றலை மிகுதியாகச் செலவிடும் இன்னொரு வகைச் செல் மூளையின் நரம்புச் செல். கரீபியன் கடலிலுள்ள குவாடலூப் தீவில், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படாத, பார்க்கின்சன் நோயை ஒத்த நடுக்கமும் விறைப்பும் எதிர்பார்ப்பைவிட மிகுதியாகக் காணப்பட்டதையும், அந்நோயாளர்கள் முள்சீத்தாப் பழத்தையும் அதன் இலைக் கஷாயத்தையும் வழக்கமாக உட்கொண்டவர்கள் என்பதையும் 1999இல் லான்செட் இதழில் கப்பரோஸ்-லெஃபெவ்ரும் எல்பாஸும் வெளியிட்டனர். அடுத்து வந்த ஆய்வுகளில், எலிகளுக்குத் தொடர்ந்து அன்னோனாசின் செலுத்தியபோது மூளையின் குறிப்பிட்ட பகுதிகளில் நரம்புச் செல்கள் அழிந்தன. பழத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு ஐயத்துக்கிடமின்றி நிறுவப்பட்டுவிட்டது என்று சொல்ல முடியாது. எனினும் இந்த எச்சரிக்கை, பொட்டலத்தின் மேல் அச்சிடப்படும் பத்தாயிரத்துக்குக் குறைந்த முக்கியத்துவம் உடையதன்று. அளவீடுகளும் சிந்திக்கத்தக்கவை. ஒரு பழத்தில் ஏறத்தாழ 15 மில்லிகிராம் அன்னோனாசின் இருக்க, ஒரு கோப்பை இலைக் கஷாயத்தில் இருந்தது 140 மைக்ரோகிராம் மட்டுமே. கொழுப்புத்தன்மை கொண்ட இச்சேர்மம் நீரில் அரிதாகவே கரைகிறது. புற்றுநோயைக் குணமாக்கும் நம்பிக்கையில் அந்தக் கஷாயத்தை நாள்தோறும் பருகுபவர், தாம் நாடும் பொருளை மிகக் குறைவாகப் பெறுகிறார். ஆயினும் அதையே ஆண்டுக்கணக்கில் தொடரும்போது நரம்புக்கு நேரக்கூடிய இடரிலிருந்து விடுபட்டவராகவும் இல்லை.

மாவிலை வேறொரு பாடத்தை வைத்திருக்கிறது. அதில் நிறைந்துள்ள மாஞ்சிஃபெரின் என்னும் மஞ்சள் நிறச் சேர்மம், அழற்சியையும் ஆக்சிஜனேற்றத்தையும் தணிப்பதாகவும், பல புற்றுநோய்ச் செல்வகைகளின் பெருக்கத்தைக் குறைப்பதாகவும் ஆய்வுக்கூடங்களில் காணப்பட்டுள்ளது. ஆனால் வாய்வழி உட்கொண்டால் இது குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது, உறிஞ்சப்பட்டதும் உருமாறுகிறது. இந்த உருமாற்றத்துக்கு ஆய்வுக்கூடச் சான்றைவிடச் சுவையான வரலாற்றுச் சான்று ஒன்று கிடைக்கிறது. ஐரோப்பிய ஓவியர்கள் ஒரு காலத்தில் விரும்பிப் பயன்படுத்திய இந்திய மஞ்சள் என்ற நிறமி எங்கிருந்து வருகிறது என்று விசாரிக்கப்பட்டபோது, பீகாரின் மூங்கேர் அருகே ஒரு சிற்றூரில் பசுக்களுக்கு மாவிலையையும் நீரையும் மட்டும் கொடுத்து, அவற்றின் கோமியத்தைக் காய்ச்சி அது எடுக்கப்படுகிறது என்று 1883இல் டி. என். முகர்ஜி எழுதினார். அந்த நிறமியின் முதன்மைப் பொருள் மாஞ்சிஃபெரின் அன்று. பசுவின் உடல் அதை மாற்றி, கழிவாக வெளியேற்றுவதற்காகச் சர்க்கரை அமிலமொன்றோடு இணைத்த யூக்சாந்திக் அமிலம். இலையில் இருப்பது வேறு, உடலுக்குள் உலவுவது வேறு. தட்டில் செல்லின் மேல் நேரே ஊற்றிய சாறு, குடல், கல்லீரல் என்னும் இரு வாயில்களையும் கடந்து கட்டியைச் சென்றடையும் என்று எண்ண எந்த ஆதாரமும் இல்லை.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஒரு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராம் அளவில் விளைவு காட்டும் ஒரு சாற்றை எடுத்துக்கொண்டால், ஏறத்தாழ 36 லிட்டர் நீர் கொண்ட 60 கிலோ எடையுள்ள மனித உடலில் அதே செறிவை எட்ட, 3.6 கிராம் சாறு ஒரே நேரத்தில் உடல் திரவங்களில் பரவியிருக்க வேண்டும். குடல் அதில் நூறில் ஒரு பங்கையே ஏற்கிறது என்று கொண்டால் உண்ண வேண்டியது 360 கிராம் சாறு. உலர்ந்த இலையின் எடையில் பத்தில் ஒரு பங்கு சாறாகக் கிடைக்கிறது என்று கொண்டால், ஒரு வேளைக்குத் தேவை 3.6 கிலோ உலர்ந்த இலை. எளிமைக்காகச் செய்த மதிப்பீடே இது. ஆனாலும் ஆய்வுக் கட்டுரையின் எண்ணுக்கும் அடுப்பங்கரைக் குவளைக்கும் இடையே உள்ள தொலைவை இது காட்டிவிடும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இலையிலிருந்து மருந்தே பிறக்காது என்று முடிவு கட்டுவது பெரும் பிழையாகும். குழந்தைகளின் இரத்தப் புற்றுநோய்க்கு உலகெங்கும் தரப்படும் வின்கிரிஸ்டின், தமிழ்நாட்டுத் தெருவோரங்களிலும் கோயில் நந்தவனங்களிலும் பூக்கும் நித்தியகல்யாணியின் இலையிலிருந்து வந்தது. அது பழமரமன்று, ஆனால் இலை மருந்தாகும் பாதையை அதைவிடத் தெளிவாகக் காட்டும் தாவரம் வேறில்லை. ஜமைக்காவில் நீரிழிவுக்குக் கஷாயமாகப் பருகப்பட்ட அந்த இலை 1952இல் கனடாவுக்கு அனுப்பப்பட்டது. மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தில் ராபர்ட் நோபிள் அதன் சாற்றை எலிகளுக்கு வாய்வழி கொடுத்தபோது இரத்தச் சர்க்கரையில் குறிப்பிடத்தக்க மாற்றம் ஏதும் இல்லை. ஊசி வழியே செலுத்தியபோதோ எலிகள் தொற்றுநோயால் மாண்டன. சோதனை தோற்றது என்று ஒதுக்காமல், மாண்ட எலிகளின் இரத்தத்தைப் பார்த்தவர்கள், வெள்ளணுக்கள் பெருமளவு குறைந்திருப்பதைக் கண்டனர். வெள்ளணுக்களைக் குறைக்கும் பொருள், வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும் புற்றுநோய்க்கு உதவக்கூடுமே என்ற சிந்தனை அங்கே தோன்றியது. வேதியியலாளர் சார்லஸ் பீர் அந்தப் பொருளைத் தூய்மையாகப் பிரித்தார். 1958இல் வின்பிளாஸ்டின் அறிவிக்கப்பட்டது. எலி லில்லி நிறுவனத்தில் கோர்டன் ஸ்வோபோடா குழுவினரின் ஆய்வில் கிடைத்த வின்கிரிஸ்டினுக்கு 1963இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது.

இந்த ஆல்கலாய்டுகள் செல் பிரியும்போது குரோமோசோம்களை இருபுறமும் இழுக்கும் நுண்குழல்கள் உருவாகாமல் தடுக்கின்றன. ஒரு கிராம் வின்பிளாஸ்டின் பெற ஏறத்தாழ 500 கிலோ உலர்ந்த இலை தேவைப்படுகிறது. வின்கிரிஸ்டினோ பெரியவர்களுக்கு வழக்கமாக ஒரு வேளைக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் தரப்படுவதில்லை. அளவு சற்று மிஞ்சினாலும் நரம்புகள் பாதிக்கப்படும். இலையை மென்று இந்த மருத்துவத்தைச் செய்துகொள்ள இயலாது. மில்லிகிராம் துல்லியத்தில், சிரை வழியே, மருத்துவரின் கண்காணிப்பில் தரப்படுவதால்தான் அது உயிர் காக்கிறது. ஒரு காலத்தில் ஏறத்தாழ உறுதியான மரணமாக இருந்த குழந்தைகளின் தீவிர லிம்போபிளாஸ்டிக் இரத்தப் புற்றுநோய், வேறு மருந்துகளோடு இதையும் சேர்த்தளிக்கும் சிகிச்சையால் இன்று பெரும்பாலும் குணமாகக்கூடியதாகியிருப்பது, தாவர வேதியியல் மனித குலத்துக்கு அளித்த மிகப் பெரிய கொடைகளுள் ஒன்று.

தமிழ் மண்ணின் வேதியியலாளர் ஒருவரையும் இங்கே குறிப்பிட வேண்டும். சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய டி. ஆர். கோவிந்தாச்சாரி, பின்னர் மும்பையில் சக ஆய்வாளர் விஸ்வநாதனுடன் இணைந்து, சீன மரமொன்றில் கண்டறியப்பட்டிருந்த கேம்ப்டோதெசின் என்னும் புற்றுநோய் எதிர்ப்புச் சேர்மம் மேற்குத் தொடர்ச்சி மலையின் மரமொன்றிலும் செறிவாக உள்ளதை 1972இல் காட்டினார். இன்றைய டோபோடெகான், இரினோடெகான் மருந்துகள் கேம்ப்டோதெசினின் வடிவத்தைத் திருத்திச் செய்யப்பட்டவையே.

நோயாளிக்கும் அவர் குடும்பத்துக்கும் இவ்விவரங்கள் வெறும் அறிவுச் செய்திகள் அல்ல. சிகிச்சையைக் கைவிட்டு மாற்று வழிகளை மட்டுமே நாடியவர்கள் இறக்கும் இடர், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களைவிட இரண்டரை மடங்கு என்று யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் ஆய்வு தெரிவித்தது. சிகிச்சையோடு சேர்த்து இலைச் சாறு பருகுவதிலும் இடருண்டு. வின்கிரிஸ்டின் உள்ளிட்ட பல மருந்துகளைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியைச் சில தாவரச் சேர்மங்கள் தடுக்கவோ தூண்டவோ செய்வதால், மருந்தின் அளவு இரத்தத்தில் நஞ்சாகும் வரை ஏறவும் பயனற்றுப்போகும் வரை இறங்கவும் கூடும். ஆகவே என்ன இலை, எவ்வளவு, எத்தனை நாளாக என்பதைப் புற்றுநோய் மருத்துவரிடம் தயங்காமல் சொல்ல வேண்டும். அதைக் கேட்டு மருத்துவரும் சினம் கொள்ளலாகாது. புற்றுநோயைக் குணமாக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டம் தடை செய்துள்ளதையும் பொட்டலம் வாங்குவோர் அறிந்திருப்பது நல்லது.

திருச்சிராப்பள்ளியின் ஆய்வுக்கூடங்கள் இந்தத் துறையில் அடுத்து எடுத்துவைக்க வேண்டிய அடி எது என்பதைக் கொய்யா காட்டுகிறது. கச்சாச் சாற்றைச் சோதித்து முடித்துவிடாமல், அதைப் பகுதிகளாகப் பிரித்து, வீரியம் எந்தப் பகுதியில் தங்குகிறது என்று பார்த்து, அந்தப் பகுதியை மீண்டும் பிரித்து, இறுதியில் ஒரே ஒரு மூலக்கூறை அடையும் முறையைப் பின்பற்றிய சீன ஆய்வாளர்கள், கொய்யா இலையிலிருந்து சைகுவாடியல் பி என்ற சேர்மத்தை 2010இல் அறிவித்தனர். கல்லீரல் புற்றுநோய்ச் செல்வகை ஒன்றை 46 நானோமோலார் செறிவில், அதாவது ஒரு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 22 நானோகிராம் அளவிலேயே, அது தடுத்தது. கச்சாச் சாற்றுக்கு வகுக்கப்பட்ட 30 மைக்ரோகிராம் எல்லையைவிட இது ஆயிரம் மடங்குக்கும் மேல் நுண்ணியது. இலையில் அது கிடைப்பதோ சிறிதளவே என்பதால், கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் சாரா ரைஸ்மன் குழுவினர் அதன் சிக்கலான வளைய அமைப்பை ஆய்வுக்கூடத்திலேயே படிப்படியாகக் கட்டி 2016இல் வெளியிட்டனர். இனி, அது நலமான கல்லீரல் செல்லை விட்டுவைக்கிறதா, விலங்கின் இரத்தத்தில் எத்தனை மணி நேரம் தங்குகிறது, எந்தப் புரதத்தைப் பற்றிக்கொண்டு செயல்படுகிறது என்ற வினாக்களுக்கு விடை காண இலை தேவையில்லை, குடுவையில் செய்த தூய சேர்மமே போதும். ஜீயபுரத்துக் கொல்லைக் கொய்யாவில் அதே சேர்மம் உள்ளதா, கோடையில் மிகுகிறதா மழைக்காலத்திலா, இளந்தளிரிலா முற்றிய இலையிலா என்பனவோ ராபினெட் உலர்தாவரகத்தில் மாதிரி வைத்து, நாளும் இடமும் குறித்து, இந்நகரின் மாணவர்களே கண்டறியக்கூடியவை.